பழைய கால எம்பிராய்டரியைப் படத்தைப் பார்த்துப் போட்டால் ஏன் அப்படியே வருவதில்லை?

படத்தைப் பார்த்துப் போடுகிறேன், தையலும் தெரியும், இருந்தும் வேறு மாதிரிதான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் முன்பக்கம்தான் தெரியும், தையலின் ரகசியம் பின்பக்கத்தில் இருக்கிறது. இது நான் அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) திட்டு வாங்கிக் கற்றது.

எங்களுக்குக் கோபிப் பக்கம். தகரப் பெட்டிக்குள் அம்மாயி கல்யாணத்துக்கு முன் போட்ட தலையணை உறை ஒன்று கிடந்தது. காடாத் துணி, இரண்டு கிளி, சுற்றிலும் மாவிலை. அதேபோல் ஒன்று போடலாம் என்று போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, பட்டர் பேப்பரில் ஓட்டை குத்தி, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்துத் தேய்த்து அச்சு எடுத்தேன். இலையெல்லாம் நூலை நெருக்கமாகப் போட்டு நிரப்பும் சாட்டின் தையல்தானே என்று ஆரம்பித்தால் நூல் லச்சி லச்சியாகப் போகிறது, துணி வேறு சுருங்கிக்கொண்டு நிற்கிறது. அம்மாயி வந்து பார்த்துவிட்டு, "இத்தனை நூலையும் யாரு பாக்கறதுக்குங் கண்ணு அடியில கொண்டுபோய் ஒளிச்சு வெக்கற? பழசத் திருப்பிப் பாரு" என்றார்.

திருப்பினால் பின்பக்கம் கிட்டத்தட்ட காலி! இலையின் இரண்டு ஓரத்திலும் புள்ளி புள்ளியாக மட்டும் நூல். சாதாரண சாட்டினில் ஊசி அடிவழியாக இலையின் முழு அகலத்தையும் கடந்து திரும்ப வரும். அம்மாயி ஓரத்தில் ஓரிரு இழையை மட்டும் குத்தி எடுத்துவிட்டு மேலாகவே திரும்பியிருக்கிறார். ஏறக்குறைய பாதி நூல் மிச்சம், துணியும் தடிக்காது.

நூலை முன்பக்கத்திலேயே நிறுத்தும் இந்தச் சிக்கனம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் சண்டையைச் சொல்லும் பேயூ சீலை, ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், லினன் துணியில் கம்பளி நூல் வேலை. ஆங்கிலத்தில் பேர்தான் டேபஸ்ட்ரி, அதாவது தறியில் படம் நெய்த சீலை, ஆனால் இது தறியில் நெய்தது இல்லை, முழுக்க ஊசி வேலை. அதில் உருவங்களை நிரப்பும்போது நூலை மேலே நெருக்கமாகக் கிடத்தி, குறுக்கே இடைவெளி விட்டு வேறு நூல் போட்டு, அதைச் சின்னச் சின்னத் தையலால் பிடித்துவைத்திருக்கிறார்கள். ஓரக்கோடுகள் கயிறு முறுக்கினாற்போல் தெரியும் ஸ்டெம் தையல். 1885-86இல் இங்கிலாந்தில் லீக் என்ற ஊரில் எலிசபெத் வார்டில் தலைமையில் 35 பெண்கள் சேர்ந்து இதை முழு நீளத்துக்கும் மறுபடி போட்டார்கள். சாதனைதான், ஆனால் அவர்கள் பார்த்துப் போட்டது போட்டோக்களை வைத்து எடுத்த நகல். மூலத்தில் அம்மணமாக நிற்கும் ஒரு ஆளுக்கு அந்தப் போட்டோவிலேயே யாரோ கால்சட்டை வரைந்துவிட, பாவம், இவர்களும் கால்சட்டையோடு தைத்துவைத்தார்கள். படத்தை நம்பினால் இதுதான் கதி.

எல்லாப் பின்பக்கமும் காலியாக இருக்காது. கர்நாடகத்தில் தார்வாடு பக்கத்துக் கசூதி எம்பிராய்டரியில் கவந்தி என்று ஒரு தையல், ஓட்டுத்தையலாக ஒரு தடவை போய், அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும், முடிச்சே கூடாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இதே தையலை ஐரோப்பாவில் ஹோல்பைன் தையல் என்கிறார்கள். ஓவியர் ஹோல்பைன் வரைந்த இங்கிலாந்து ராணி ஜேன் சீமோர் ஓவியத்தில் சட்டைக்கையின் சுருக்கில் கறுப்பு நூலில் இந்த வேலை தெரியும், சுருக்கு என்றால் இரண்டு பக்கமும் கண்ணில் படுமே. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் தோடர்களின் பூவேலை, 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. அச்சு, கோடு எதுவும் கிடையாது, வெள்ளைத் துணியில் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்பும் போடுகிறார்கள்.

இந்த எண்ணிப் போடும் வேலையில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். கடையில் சமமான துணி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முழு ஓரம் போட்டு முடித்த பிறகு பார்த்தால் சதுரமெல்லாம் நசுங்கி நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், அங்குலத்துக்குப் பாவு (நீளவாக்கு நூல்) 40 இழை, ஊடை (குறுக்கு நூல்) 34. அப்புறம் சென்னிமலையில் தறி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் சொல்ல, ஊடையை நெருக்கி அடித்து இரண்டு மீட்டர் நெய்து கொடுத்தார். அதனால் துணி வாங்கும்போதே இரண்டு குண்டூசியை ஓர் அங்குல இடைவெளியில் குத்தி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணிவிடுங்கள்.

நூலின் பளபளப்பையும் பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் பருத்தி எம்பிராய்டரி நூல் பெரும்பாலும் மெர்சரைஸ் செய்தது. நூலை இழுத்துப் பிடித்துக் காரத்தில் நனைத்துப் பளபளப்பு ஏற்றும் முறை 1890 வாக்கில்தான் வந்தது. அதற்கு முந்தைய பருத்தி வேலையை மின்னுகிற நூலில் போட்டால் பொருந்தாது. டீத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குகிறவர்களும் உண்டு, எனக்கு அது வேஷம் போட்ட மாதிரி.

தலையணை உறையை ஒருவழியாக முடித்துப் போன மாசம் அம்மாயி கையில் கொடுத்தேன். கிளியைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். "இங்க ஒரு முடிச்சு கெடக்குது பாரு." அந்த இலையை இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.