மருமகளிடம் கார் சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன வருடம் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் திண்டுக்கல் பெண். ஊரில் ஆறு வருடம் கார் ஓட்டியவள், ஸ்கூட்டியும் ஓட்டுவாள். இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. கையில் இந்திய லைசன்ஸ் கார்டு மட்டும்தான் இருக்கிறது, வேறு எதுவும் எடுத்து வரவில்லை. மகனுக்கு ஈப்போவில் ஷிஃப்ட் வேலை. எனக்கு முட்டி வலி, மாதம் இரண்டு தடவை கிளினிக் போக வேண்டும். வீட்டில் பழைய மேனுவல் கஞ்சில் கார் சும்மா நிற்கிறது. "சாவியைக் கொடுங்க அத்தை, நான் ஓட்டுறேன்" என்கிறாள். டவுனில் ஒருவர் 1,500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் இந்திய லைசன்ஸை மலேசிய லைசன்ஸாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார். மகன் 300 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டான். அதுவரை தோட்டத்துக்குள் மட்டும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் தப்பா? காலத்தில் நானே ஓட்டக் கற்றிருக்கலாம். 54 வயதில் இனி எங்கே!
– ஒரு மாமியார், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த 300 வெள்ளி. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். மகனை இன்றைக்கே அனுப்பி அதைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் 300-ஓடு போயிற்று என்று விட்டுவிடுங்கள், மிச்சம் 1,200 வெள்ளியாவது வீட்டில் இருக்கும்.

வெளிநாட்டு லைசன்ஸை ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், கொடுத்து மலேசிய லைசன்ஸாக மாற்றிக்கொள்ளும் வழி ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. அதனால்தான் அவர் சொல்வது காதுக்கு நம்புகிற மாதிரி இருக்கிறது. ஆனால் 2025 மே மாதத்திலிருந்து, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். தூதரக அதிகாரிகள் போன்ற ஒருசில வகையினருக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்யாணம் முடித்து சமூக வருகை பாஸில் இருக்கும் உங்கள் மருமகள் அந்தக் கணக்கில் வரமாட்டார். "சிங்கப்பூரில் லைசன்ஸ் எடுத்த பக்கத்து வீட்டுப் பையன் மாற்றினானே" என்று யாராவது சொல்வார்கள். அவன் மலேசியக் குடிமகன், அவனுக்கு விதி வேறு.

அப்படியானால் அந்த ஆள் எதை மாற்றித் தரப்போகிறார்? ஒன்று, அவருக்கே விஷயம் தெரியாது. இல்லையென்றால், நாம் எல்லோரும் கேள்விப்பட்ட 'லெசென் தெர்பாங்'தான், வகுப்புக்கும் போகாமல் தேர்வும் எழுதாமல் பறந்து வரும் லைசன்ஸ். அது பிடிபட்டால் கார்டு போவதோடு நிற்காது, வழக்கும் வரும். பாஸை நம்பி இந்த நாட்டில் இருக்கும் பெண் அவர். நாளைக்கு நிரந்தர வசிப்பிடத்துக்கு, அந்தச் சிவப்பு அடையாள அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டியவர். அவர் பெயரில் ஒரு வழக்கு தேவையா?

சரி, அவர் கையில் உள்ள இந்திய லைசன்ஸுக்கு இங்கே மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் தனியாக இல்லை. 1949-இல் ஜெனீவாவில் சாலைப் போக்குவரத்து பற்றி ஓர் உடன்படிக்கை போட்டார்கள். இந்தியாவும் மலேசியாவும் இரண்டுமே அதில் சேர்ந்த நாடுகள். அதன்படி, சொந்த நாட்டு லைசன்ஸோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வைத்திருப்பவர் வண்டி ஓட்டலாம். 'ஐடிபி' என்று சொல்வார்களே, அதுதான். பார்க்கச் சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். அது தனி லைசன்ஸ் இல்லை, ஊர் லைசன்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து கையில் இருக்க வேண்டும், இரண்டுமே காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஐடிபியின் ஆயுள் ஒரு வருடம்.

உங்கள் மருமகள் அதை எடுக்காமல் வந்துவிட்டார். கல்யாண அவசரத்தில் யாருக்குத்தான் அது ஞாபகம் வரும்? இந்தியாவில் அதை அவரவர் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கிறது, கட்டணம் ஆயிரம் ரூபாய். ஏற்கெனவே ஐடிபி எடுத்து, வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனவர்கள் இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கலாம் என்று 2021 ஜனவரியில் விதியைத் திருத்தினார்கள். மருமகள் ஒருமுறைகூட எடுத்ததில்லை என்பதால் அந்தச் சலுகை அவருக்கு ஒத்துவராது. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால், திரும்பி வரும்போது ஐடிபியோடு வரட்டும். ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ஊர் லைசன்ஸில் என்னென்ன வண்டி எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் ஐடிபி கிடைக்கும். அங்கே கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத் தனியாக ஒரு வகை, கியர் உள்ள பைக்குக்குத் தனியாக ஒரு வகை என்று வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டி ஓட்டிய பெண்கள் பலரிடம் இருப்பது முதல் வகை. நம் தோட்டத்துக் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு கிளட்ச் இல்லாவிட்டாலும் கியர் இருக்கிறதே.

மோட்டார் பேச்சு வந்ததால் அந்தக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "தோட்டத்துக்குள்தானே" என்பது நம் ஆட்களின் பழைய சமாதானம். பால்மரக் காலத்தில் மண்டோர் சைக்கிளையும் கிராணி மோட்டாரையும் தவிர வேறு வண்டி இல்லாதபோது அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது செம்பனைக் குலை ஏற்றிய லாரி, பள்ளிக்கூட வேன், கேஸ் கொண்டுவருபவர், பார்சல் பையன் எல்லாம் அதே பாதையில் வந்துபோகிறார்கள். 1987-ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'சாலை' என்றால் அரசாங்கம் போட்ட ரோடு மட்டும் இல்லை, பொதுமக்கள் வந்துபோகும் பாதையும் அதில் வரும் என்பதால், தோட்டப் பாதை அதில் வராது என்று நம்பிவிட முடியாது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டே பாருங்கள். விடியற்காலைப் பனியில், செம்மண் வளைவில், குலை லாரிக்கு எதிரே கப்சாயில் ஒரு புதுப்பெண். எனக்கே பயமாக இருக்கிறது.

இப்போது சாவிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி என்று நாம் நினைக்கிறோம். அதே சட்டத்தின் 26-வது பிரிவு, லைசன்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே பிடிக்கிறது. கார் யார் பெயரில் இருக்கிறது? மகன் பெயரில் என்றால் மகன், உங்கள் பெயரில் என்றால் நீங்கள். அபராதம் 300 வெள்ளியிலிருந்து 2,000 வெள்ளி வரை போகும். மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. ரோட் பிளாக்கில் வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விட்டால், கிளினிக்குக்குப் போன நீங்கள் முட்டி வலியோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய தலைவலி இன்சூரன்ஸ். லைசன்ஸ் உள்ளவர் ஓட்டியிருக்க வேண்டும் என்பது பாலிசியில் எழுதியிருக்கும் நிபந்தனை. இல்லையென்றால் உங்கள் கஞ்சில் நசுங்கியதற்கு ஒரு சென்னும் வராது. எதிரே வந்தவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் கம்பெனி உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பழைய கஞ்சில் போனால் போகிறது, அடுத்தவர் கால் முறிந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

ஆக, ஐடிபி கைக்கு வரும்வரை சாவி உங்கள் முந்தானையிலேயே இருக்கட்டும். ஐடிபி வந்தாலும் அது ஒரு வருடத்து ஏற்பாடுதான். இங்கேயே குடித்தனம் நடத்த வந்த பெண்ணுக்கு வருடா வருடம் ஊர் அனுமதியை இழுத்துக்கொண்டிருப்பது சரிப்படாது. என்னைக் கேட்டால், இந்த மாதமே அவர் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

இதைச் சொன்னதும் மருமகளின் முகம் வாடும், தெரியும். ஆறு வருடம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டியவரை, கற்பவருக்கான எல் லைசன்ஸ் எடு என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அவரிடம் இதைச் சொல்லுங்கள்: நம் பிள்ளைகள் லண்டனுக்குக் குடிபோனாலும் இதே கதைதான். மலேசிய லைசன்ஸை வைத்துக்கொண்டு அங்கே 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு நேரே மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. இருபது வருடம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பறந்தவரும் அங்கே முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை, இந்த ஊர்க் கணக்கில் அவர் இன்னும் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் என்ன நடக்கும்? முதலில் ஒரு நாள் வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும். எந்த மொழியில் எழுதலாம் என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் பாஸும் எடுத்துப்போக வேண்டும். அப்புறம் எல் லைசன்ஸ், மைதானப் பயிற்சி, ரோட்டுப் பயிற்சி. எல் கையில் வந்ததும் மகனோடு நம் கஞ்சிலில் பழகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிப் பயிற்றுநரோடு, பள்ளிக் காரில்தான் பழக வேண்டும். வீட்டில் இருப்பது மேனுவல் என்பதால் 'டி' வகைக்குப் பதியுங்கள். சுலபம் என்று ஆட்டோவுக்கான 'டிஏ' எடுத்துவிட்டால் கஞ்சிலைத் தொட முடியாது. கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். தேர்வில் விழுந்தால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

காரைப் பொறுத்தவரை அவருக்குப் பெரிய கஷ்டம் இருக்காது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம்தான். ஹார்னில் இருந்து கையை எடுக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மைதானத்தில் 'புக்கிட்' ஒன்றுதான் கொஞ்சம் ஆட்டிவைக்கும். மேட்டில் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். நான் லைசன்ஸ் எடுத்த காலத்தில் அந்த மேட்டில் இரண்டு தடவை உருண்டு, பின்னால் நின்ற காரில் இருந்த பையன் இறங்கி ஓடியே போனான். மூன்றாவது தடவைதான் தேறினேன். பழகியவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு கையால் ஸ்டீயரிங், கண்ணாடியைப் பாராமல் திருப்புவது போன்ற வழக்கங்கள். புதிதாகக் கற்பவரைவிட அனுபவசாலிகள் இங்கேதான் மார்க்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

உண்மையான கஷ்டம் மலாய். வண்டியில் ஏறுவதற்கு முன் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணெய், தண்ணீர், பேட்டரி என்று காட்டிச் சொல்வதை 'ஆர்பிகே' என்பார்கள். சீட், கண்ணாடி, பெல்ட் சரிபார்ப்பதை 'ஆர்எஸ்எம்' என்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி மலாயில் ஒப்பிப்பார்கள். ரோட்டுப் பலகைகளும் அப்படித்தான். 'பெர்ஹெந்தி' நில், 'பெரி லாலுவான்' வழிவிடு, 'குராங்கான் லாஜு' வேகத்தைக் குறை, 'ஜாலான் செஹாலா' ஒருவழிப் பாதை. ஐந்து மாதம் முன்னால் திண்டுக்கல்லில் இருந்து வந்தவருக்கு இதெல்லாம் யார் சொல்லித்தருவது? மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவிடுவார்.

தேர்ச்சி பெற்ற பிறகு இரண்டு வருடம் காரின் முன்னும் பின்னும் புது ஓட்டுநர் என்று காட்டும் 'பி' ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அதற்கும் ரோஷப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பி ஒட்டிய காருக்குப் பின்னால் வருகிறவர் கொஞ்சம் தள்ளியே வருவார், அது நமக்கு லாபம்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 54 வயதில் இனி எங்கே என்று. கார் லைசன்ஸுக்குக் கீழ் வயது 17 என்றுதான் விதி வைத்திருக்கிறார்கள், மேல் வயது வைக்கவில்லை. முட்டி கிளட்சை மிதிக்க ஒத்துழைக்குமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒத்துழைக்காது என்றால் உங்களுக்கு அந்த 'டிஏ' இருக்கிறது. மருமகளுக்குக் கார் தெரியும், மலாய் தெரியாது. உங்களுக்கு மலாய் தெரியும், கார் தெரியாது. பசியாறிவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் நிற்கும் கஞ்சிலின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஆர்பிகே ஒப்பிக்கலாம். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம், அதற்கு லைசன்ஸும் வேண்டாம். பள்ளியில் பெயர் கொடுக்கப் போகும் அன்று அவருடைய பாஸ்போர்ட்டோடு உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.