கேளுங்க, சொல்றோம்: கன்னு நடுறதுக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க

கேள்வி: எங்க குடியிருப்புக்குப் பின்னாடி அரை ஏக்கர் சும்மா கிடக்கு, கட்டடம் கட்டுறப்போ லாரி நின்ன இடம். மூணு வருஷமா கன்னு நடுறோம், ஒண்ணுமே தேறல. மழை பெஞ்சா தண்ணி தேங்குது, வெயில் அடிச்சா கல்லு மாதிரி ஆயிடுது. எந்த மரம் வச்சா வரும்? மியாவாக்கி காடு போடலாமா?

பதில்: மரத்துக்கு அப்புறம் வருவோம். லாரியும் பொக்லைனும் ஓடுன இடத்துல மண்ணு அமுங்கி உள்ள இருக்குற சின்னச் சின்ன இடைவெளியெல்லாம் மூடிடும், காத்தும் போகாது தண்ணியும் இறங்காது, அதனாலதான் உங்க கன்னு மழைக்கு வேர் அழுகுது, வெயிலுக்குக் காஞ்சு போகுது. நாலஞ்சு இடத்துல ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணி ஊத்துங்க, அது ஊறினதும் மறுபடி ரொப்பிட்டு எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு குறிச்சு வைங்க. ஒரு நாள் ஆகியும் நிக்குதுன்னா அங்க எந்தக் கன்னு வச்சாலும் கஷ்டம்தான். மண்ணு காஞ்சிருக்கப்போ ஒண்ணரை ரெண்டு அடிக்குக் கிளறி மக்குன உரம் கலந்து விடுங்க, ஈரத்துல கிளறாதீங்க, இன்னும் மோசமா இறுகிடும். ஏற்கெனவே பெரிய மரம் நிக்குதுன்னா அதைச் சுத்தி கிளறவே வேணாம், சத்து எடுக்குற வேரெல்லாம் மேலாகத்தான் ஓடும், கிளையோட நிழலைத் தாண்டியும் போயிருக்கும். அப்புறம் மூணு நாலு இஞ்சுக்கு இலைதழை மூடாக்கு போடுங்க, தண்டுல மட்டும் ஒட்ட விடாதீங்க.

அடுத்து தண்ணி. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர், அப்போ 500 சதுர மீட்டர் கூரைல 30 மில்லிமீட்டர் பெஞ்சா 15,000 லிட்டர், அவ்வளவையும் குழாய் வச்சு ரோட்டுக்கு அனுப்புறது எனக்கு மனசே ஆறல. கட்டடத்துல இருந்து பத்தடி தள்ளி, தண்ணி நல்லா இறங்குற பக்கமா பாத்து, ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்து மழைத்தோட்டம் போடுங்க, அதாவது கூரைத் தண்ணியை அதுல விட்டு மண்ணுக்குள்ள இறங்க வைக்கிற செடிப் பள்ளம், ரொம்பி வழிஞ்சா எங்க போகணும்னு முதல்லயே வழி விட்டுடுங்க.

மியாவாக்கி நல்ல முறைதான். அகிரா மியாவாக்கிங்கிற ஜப்பான் தாவரவியல் அறிஞர் (1928–2021) கொண்டு வந்தது, அந்தந்த மண்ணோட மரங்களை சதுர மீட்டருக்கு மூணு நாலுன்னு நெருக்கி நடுவாங்க. ஆனா அவரும் மண்ணைப் பதப்படுத்திட்டுத்தான் நட்டாரு, அதை நிறைய பேர் விட்டுடுறாங்க. அதோட உங்க இடம் பழைய காலத்துலயே புல்வெளியா இருந்துச்சுன்னா அங்க காட்டைத் திணிக்காதீங்க, புல்வெளியை நம்பி வாழுற பூச்சி பறவையெல்லாம் போயிடும்.

கேள்வி: மழைத்தோட்டம் போட்டா கொசு வரும்னு சங்கத்துல எதிர்க்குறாங்க. நிஜமா?

பதில்: அவங்க பயம் நியாயமானதுதான், கோவிச்சுக்காம விளக்குங்க. முட்டை கொசுவாகிப் பறக்கவே பொதுவா ஒரு வாரம் ஆகும், ஒழுங்கா போட்ட மழைத்தோட்டத்துல ரெண்டு நாளைக்கு மேல தண்ணி நிக்காது. மூணாவது நாளும் நின்னா மேல வண்டல் படிஞ்சு அடைச்சிருக்கும், ரெண்டு இஞ்ச் சுரண்டி எடுத்துட்டு மறுபடி தண்ணி ஊத்திப் பாருங்க.