குற்றவியல் பட்டம் படித்தால் போலீஸ் வேலை மட்டும்தானா? வேறு என்ன வழிகள் உண்டு?

போலீஸ் வேலை ஒரு வழி, அவ்வளவுதான். சொல்லப்போனால், பெரும்பாலான இடங்களில் காவல் பணிக்கு இந்தப் பட்டம் கட்டாயமே இல்லை. எந்தப் பட்டம் படித்தவரும் அதே தேர்வை எழுதித்தான் உள்ளே போகிறார்.

சேருவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ரத்தக்கறை, கைரேகை, டிஎன்ஏ எல்லாம் தடயவியல். அதற்கு வேதியியலோ உயிரியலோ வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை மதிப்பிட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை தர, உளவியலிலோ மனநல மருத்துவத்திலோ தகுதி பெற்றிருக்க வேண்டும். குற்றவியல் ஒரு சமூக அறிவியல். குற்றம் எங்கே குவிகிறது, ஏன் குவிகிறது, தண்டனையால் என்ன நடக்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன ஆகிறார் என்பவைதான் பாடம். தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதல் பருவத்திலேயே ஏமாற்றம் காத்திருக்கும்.

கோட்பாடுகளில், 1876இல் மண்டையோட்டு அமைப்பில் குற்றவாளியைத் தேடிய இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவில் தொடங்கி, 1939இல் மேல்தட்டினர் தொழில் வழியே செய்யும் குற்றங்கள் பக்கம் பார்வையைத் திருப்பிய அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லாண்ட் வரை நிறைய வரும். வேலையில் அதிகம் கைகொடுப்பது அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979இல் முன்வைத்தது: குற்றம் செய்யத் துணிந்தவர், ஏற்ற இலக்கு, காவலின்மை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும். ஆளைத் திருத்த முடியாத இடத்திலும் மற்ற இரண்டில் ஒன்றை மாற்றலாம் அல்லவா? தடுப்புத் திட்டங்கள் பல இதன் மேல்தான் நிற்கின்றன.

மாணவர்கள் ஒதுக்கப் பார்ப்பது புள்ளியியலையும் ஆய்வு முறையியலையும். வேலை வாங்கித் தருவதோ பெரும்பாலும் அவைதான். காவல் நிலையத்தில் பதிவானது வேறு, உண்மையில் நடந்தது வேறு. புகார் சொல்லும் தொலைபேசி எண் ஒன்றை விளம்பரப்படுத்தினால் பதிவுகள் கூடும். குற்றம் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் புகார் கொடுத்தாரா இல்லையா என்று பாராமல் மக்களிடம் நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்புகள் சில நாடுகளில் நடக்கின்றன. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளாமல் போடும் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

இதைப் பிடித்தவருக்கு நல்ல இடம் குற்றத் தரவுப் பகுப்பாய்வாளர் பணி. எக்செல், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் எஸ்கியூஎல் மொழி, க்யூஜிஐஎஸ் போன்ற நிலவரைபட மென்பொருள், இவை மூன்றும் தெரிந்திருந்தால் விண்ணப்பம் மேலே வரும். வேலையில் பெரும்பகுதி நேரம் முகவரிகளைத் துப்புரவு செய்வதிலேயே போகும். வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று: நடந்த இடம் தெரியாத புகார்களுக்குக் காவல் நிலைய முகவரியையே போட்டுவிடுவார்கள். வரைபடத்தில் அந்த நிலையமே ஊரின் மிக ஆபத்தான இடமாகச் சிவந்து நிற்கும்! நேரத்திலும் இதே தொல்லை உண்டு. காலை 9 மணிக்குப் பூட்டிய வீடு மாலை 5 மணிக்கு உடைந்து கிடந்தால், திருட்டு மாலை 5 மணிக்கு நடந்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. இடைப்பட்ட 8 மணி நேரத்துக்கும் எட்டில் ஒரு பங்காகப் பிரித்துப் போட வேண்டும்.

அடுத்தது, சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர் பணி, சிறை மறுவாழ்வுப் பணிகள். நீதிமன்ற அறிக்கை எழுதுவது, வாராந்திரச் சந்திப்பு, வேலை, தங்குமிடம், போதை சிகிச்சை ஏற்பாடு என்று நீளும். மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் அதிகமுள்ளவருக்கு அதிகக் கவனம், குறைவானவருக்குக் குறைந்த தலையீடு என்பது கனடா உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா ஆகியோர் 1990இல் வகுத்த அடிப்படை. நல்லெண்ணத்தில் எல்லோரையும் ஒரே தீவிரப் பயிற்சியில் தள்ளினால், குறைந்த அபாயமுள்ளவர் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு: அவருடைய வேலையும் குடும்ப நேரமும் குலையும், புதிதாகக் கிடைக்கும் சகவாசமும் சரியில்லாமல் போகும். ஒருவர் கையில் சேரும் கோப்புகளின் எண்ணிக்கைதான் இந்த வேலையின் நிஜமான பாரம். நேர்காணலுக்குப் போனால் அதைக் கேட்டுவிடுங்கள்.

சம்பளம் முக்கியம் என்றால் வங்கி, காப்பீடு, தணிக்கை நிறுவனங்களின் மோசடித் தடுப்புப் பிரிவுகளைப் பாருங்கள். அரசுக்கு அறிக்கை தரவேண்டிய வரம்புக்குச் சற்றுக் கீழே தொகையைத் துண்டு துண்டாகச் செலுத்துவது போன்ற அடையாளங்களைப் பிடிப்பதும், சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை எழுதுவதும் அங்கே அன்றாட வேலை. கணினி எழுப்பும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்யாகவே இருக்கும். சலிப்பைத் தாங்க வேண்டும். கொஞ்சம் கணக்குப்பதிவியல் படித்துக்கொண்டு போனால் மோசடி விசாரணையாளர்களுக்கான சிஎஃப்இ சான்றிதழ் நோக்கி நகரலாம். அதற்கு மோசடி தொடர்பான பணி அனுபவமும் கேட்பார்கள்.

பாதிக்கப்பட்டோர் உதவி, சிறார் நீதி, ஆய்வு நிறுவனங்கள் ஆகியவையும் உண்டு. ஆய்வுப் பக்கம் முதுகலை இல்லாமல் நகர முடியாது.

பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போது இரண்டைப் பாருங்கள்: புள்ளியியல் ஒரு தாளோடு முடிகிறதா, களப்பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறதா. இறுதியாண்டு ஆய்வுக்குக் கைதிகளைப் பேட்டி காணும் ஆசை பலருக்கும் வரும். நெறிமுறைக் குழு ஒப்புதல், அதன்மேல் சிறை நிர்வாகத்தின் அனுமதி என்று மாதங்கள் ஓடி, கெடு தேதி நெருங்கும்போது கையில் ஒரு பேட்டியும் இருக்காது. ஏற்கெனவே வெளியான தரவையோ நீதிமன்றத் தீர்ப்புகளையோ எடுத்துக்கொண்டால் அந்த மாதங்கள் பகுப்பாய்வுக்கு மிஞ்சும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மாதிரியாகக் காட்டவும் அதுவே உதவும்.