பதில்: போன் பூஜ்யம் மீட்டர் காட்டுகிறது, டப்பாவைக் காணோம், சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள்

ஒளித்து வைத்த டப்பாவைப் போனின் ஜி.பி.எஸ். வழியே தேடும் விளையாட்டு (ஜியோகேச்சிங்) பற்றித்தானே கேட்கிறீர்கள்? கடைசி 10 மீட்டரில் போனைப் பையில் போடச் சொல்லுங்கள். பூஜ்யம் என்று காட்டினாலும் டப்பா காலடியில்தான் இருக்கும் என்பதில்லை. திறந்தவெளியிலேயே 5 மீட்டர் பிசகும். கிருஷ்ணகிரிக் குன்றுப் பாறைகளில் சிக்னல் பட்டுத் திரும்பி இன்னும் விலகும்.

டப்பாவை ஒளித்து வைத்தவர் ஒரே தடவை அளவெடுத்திருப்பார் என்றே தோன்றுகிறது. சரிபார்க்கிற வேலையைப் பதினைந்து வயதுக்காரர்களிடம் விடுங்கள், அவர்களுக்கும் சலிப்புத் தட்டாது:

1. டப்பா மேல் போனை வைத்து 2 நிமிடம் பொறுத்து ஆயத்தொலைவை (போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) குறிக்கணும்.
2. கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மறுபடி. மொத்தம் மூன்று தடவை.
3. ஆயத்தொலைவில் நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அந்த நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒன்று கூடினால் சுமார் 1.8 மீட்டர். மூன்று அளவுகளுக்குள் வித்தியாசம் 5 மீட்டரைத் தாண்டினால் இடத்தையே மாற்றுங்கள். சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு மாந்தோப்பு ஓரமாக வைக்கலாம்.

தேடுவது சின்னவர்கள் மட்டும். பெரியவர்கள் குறிப்பு கொடுப்பதோடு சரி. இல்லாவிட்டால் உயரமானவன்தான் எப்போதும் முதலில் பார்ப்பான்.

பாறை இடுக்கில் வெறுங்கையை விடவே கூடாது, தேள் இருக்கும். முதலில் குச்சி. கிருஷ்ணகிரிக் கோட்டைக்குள் டப்பா வைக்காதீர்கள், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம்.