ஏர் ரைஃபிள் முதல் தாத்தாவின் .315 வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் பிறந்தநாள் பரிசாக ஏர் ரைஃபிள் கேட்கிறான். ஆன்லைனில் "1,200 எஃப்.பி.எஸ். வேகம்" என்று போட்டிருக்கும் மாடல்தான் வேண்டுமாம். வாங்கலாமா? உரிமம் தேவையா? — வாசகி, ஈரோடு

அந்த 1,200-ஐ (எஃப்.பி.எஸ். என்றால் நொடிக்கு இத்தனை அடி) முதலில் மறந்துவிடுங்கள். விளம்பரத்தில் போடும் வேகத்தைப் பெரும்பாலும் ஈயத்தைவிட எடை குறைந்த உலோகக் கலவைப் பெல்லட்டை (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) வைத்துத்தான் அளக்கிறார்கள். உங்கள் மகன் போடப்போவது ஈயப் பெல்லட். அதில் அந்த வேகம் வராது. வந்தாலும் நல்லதில்லை. 1,200 எஃப்.பி.எஸ். என்றால் நொடிக்கு 366 மீட்டர், ஒலியின் வேகத்தைவிட அதிகம். இடுப்பு ஒடுங்கிய பெல்லட் அந்த எல்லையைக் கடந்து திரும்பும்போது ஆட்டம் கண்டு எங்கோ போய்ப் படும்.

ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைஃபிளின் ஆற்றலே 7.5 ஜூல் அளவுதான். 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் பதக்கம் குவித்ததும் இந்த வேகத்தில்தான். 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் இலக்குத் தாளில் "பத்து" என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தொட நிதானம்தான் வேண்டும், வேகம் எதற்கு?

அதிக வேக மாடல்களில் ஸ்பிரிங் கடினம். மடித்து ஏற்றவே கை ஓய்ந்துவிடும், அப்புறம் குறி எப்படி நிற்கும்? மகனைக் கடைக்கே கூட்டிப்போங்கள். கட்டையின் (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் படியவேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். பெல்லட் போட்டு ஐந்து முறை ஏற்றிச் சுடச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை கை நடுங்கினால் அந்தத் துப்பாக்கி அவனுக்கு இப்போது வேண்டாம். பெல்லட் இல்லாமல் "சும்மா தட்டிப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதிர்க்காற்று இல்லாததால் பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் நேராக மோதும்; வாஷர் நசுங்கும்.

உரிமம் பற்றி: குழல் விட்டம் 4.5 மி.மீ.க்குள் (.177), ஆற்றல் 20 ஜூலுக்குள் என்ற இரண்டும் பொருந்தினால்தான் உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல் கேட்பார்கள். கேட்காமலே விற்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். அதே பில்லோடு இரண்டு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி, சுடுபவருக்கு ஒன்று, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்று.

கேள்வி: தென்னந்தோப்பில் குரங்கும் காகமும் தாங்க முடியவில்லை. விரட்ட ஏர்கன் போதுமா? — வாசகர், பொள்ளாச்சி

அதற்காக வாங்கவே வாங்காதீர்கள். உரிமம் தேவையில்லாத ஏர்கன் என்பதால் எதையும் சுடலாம் என்று பொருளில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காயப்படுத்துவதும் வேட்டைதான். காகத்தைத் தொல்லை உயிரினமாக வைத்திருந்த பழைய அட்டவணையும் 2022 திருத்தத்தோடு போய்விட்டது. குரங்குத் தொல்லைக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: தங்கை மகள் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, 10 மீட்டர் சுடுகிறாள். தாய்மாமன் முறைக்கு உருப்படியாக ஏதாவது வாங்கித்தர ஆசை. சுடும்போது போடும் விறைப்பான ஜாக்கெட் வாங்கலாமா? — வாசகர், மதுரை

ஜாக்கெட்டை நீங்களாக வாங்காதீர்கள். தோளும் இடுப்பும் இறுக்கமாகப் பிடித்தால்தான் அது முதுகைத் தாங்கும். ஆனால் பட்டன் போட்டபின் போட்டி விதி கேட்கும் தளர்வும் இருக்கவேண்டும். துணியின் தடிமன் ஒற்றையாக 2.5 மி.மீ., இரட்டையாக 5 மி.மீ. தாண்டக்கூடாது, விறைப்பையும் கருவி வைத்துப் பார்ப்பார்கள். வளரும் பெண் என்பதால் ஒரு வருடத்தில் அளவு மாறிவிடும். பணமாகக் கொடுத்துப் பயிற்சியாளரோடு போய் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

உடனே பயன்படும் பரிசு பெல்லட்தான். அதிலும் விவரம் உண்டு. போட்டிப் பெல்லட்டின் தலை தட்டையாக இருக்கும். தாளில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழும். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். அவள் சுடும் ரைஃபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று பயிற்சியாளருக்குத் தெரியும். டப்பாவின் அடியில் உள்ள லாட் எண்ணை (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதே லாட்டில் 500 பெல்லட் டப்பா பத்து வாங்கிக்கொடுங்கள். லாட் மாறினால் ஒரே பிராண்டிலும் பெல்லட் விழும் இடம் நகரும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுடவேண்டும். பயிற்சியில் ஒரு டப்பா சில நாளில் காலியாகிவிடும். ஈயம் என்பதால் சுட்ட கையோடு எதையும் சாப்பிடக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இதையும் மாமனாகச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பழைய பி.சி.பி. (சிலிண்டரில் முன்பே அழுத்தக் காற்றை நிரப்பிச் சுடும்) போட்டி ரைஃபிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? — வாசகர், கோவை

காற்று சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். சர்வதேசப் போட்டி ரைஃபிள்களின் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் பெரும்பாலும் பத்து வருடம். ஒன்பது வருடப் பழசு என்றால் புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "பாதி விலை" அங்கேயே கரைந்துவிடலாம். அடுத்து, பிரஷர் கேஜ் அளவைக் குறித்துக்கொண்டு ஓர் இரவு விற்பவரிடமே விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது. அது சின்னச் செலவுதான், ஆனால் விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணம்.

கேள்வி: ஸ்பிரிங் ரைஃபிளுக்கு நல்ல விலையில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கி மாட்டினேன். 200 முறை சுடுவதற்குள் உள்ளே குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. "உங்கள் தவறு" என்று கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள். — வாசகர், சேலம்

ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முட்டி நிற்கும் கணத்தில் முன்னால் இழுபடுகிறது. தோட்டா ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் லென்ஸ்களைப் பின்னுதைக்கு மட்டும் தாங்கும்படி இறுக்கியிருப்பார்கள். முன்னிழுப்பு அதைக் கழற்றிவிடும். எனவே பெட்டியில் "ஏர்கன் தாங்கும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பில், பெட்டி, படம் மூன்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். எழுதவில்லை என்றால், எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்லி வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்த ஸ்கோப் 10 மீட்டரில் தெளிவாகத் தெரியும்படி முன்கண்ணாடியைத் திருகும் வகையாக இருக்கட்டும். 100 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கு மங்கும். கண்ணைச் சற்று நகர்த்தினாலே குறி நகரும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுன்ட் ஒரே துண்டாக, நகராமல் தடுக்கும் ஆணியோடு இருக்கவேண்டும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். முன்கட்டையை உள்ளங்கையில் கிடக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கவிடுங்கள். ஸ்கோப் பழுது என்று நினைக்கும் சிதறலில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: பெரியப்பா வீட்டில் டயானா 27 என்று பொறித்த பழைய ஏர் ரைஃபிள் கிடைத்தது. மேலெல்லாம் துரு, கட்டையில் பள்ளங்கள். சுட்டால் பெல்லட் அட்டையைக்கூடத் துளைப்பதில்லை. சீர்செய்ய முடியுமா? — வாசகர், தூத்துக்குடி

முடியும். இதைப்போலச் சீர்செய்ய ஏற்ற ஏர் ரைஃபிள் குறைவு. ஆனால் முதலில் குழலின் மேல் 4.5 என்றிருக்கிறதா, 5.5 என்றிருக்கிறதா பாருங்கள். 5.5 (.22) என்றால் மேலே சொன்ன உரிம வரம்பு வந்துவிடும், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ விசாரித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். சிலிண்டரின் இடப்பக்கம் பின்னால் நான்கு சிறு எண்கள் தெரிந்தால் அது தயாரித்த மாதமும் வருடமும். துருவோடு அதையும் தேய்த்துவிடாதீர்கள்.

சக்தி போனதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த தோல். சைக்கிள் பம்புக்குள் கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் இருக்குமே, இதன் பிஸ்டன் தலையிலும் அதுதான். பம்பு வாஷர் காய்ந்தால் காற்று பின்னால் கசிவதுபோலவே இங்கும். ஒன்றையும் கழற்றாமல் முதலில் இதைச் செய்யுங்கள்: குழலை மடித்துத் திறந்து, சிலிண்டரின் முன்முனையில் தெரியும் காற்றுத் துளையில் நீட்ஸ்ஃபுட் ஆயில் (தோல் பொருள் கடைகளில் கேளுங்கள்) ஐந்து சொட்டு விட்டு, குழலை மூடி, அடிக்கட்டை தரையில் இருக்க ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். எண்ணெய் இறங்கித் தோல் உப்பும். பிறகு பெல்லட் போட்டு இருபது முறை சுடுங்கள். ஆரம்பத்தில் லேசாகப் புகையும், போகப்போக அடங்கும்.

தையல் மெஷின் எண்ணெய், என்ஜின் ஆயில், துருநீக்கி ஸ்பிரே எதையும் அந்தத் துளையில் விடாதீர்கள். அழுத்தத்தில் காற்று சூடேறும்போது டீசல் என்ஜினில் நடப்பதுபோல அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். படீரென்று சத்தம், கருகல் வாடை, கனமான புகை என்றால் அதுதான். வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியும். "எண்ணெய் போட்டதும் பவர் ஏறிவிட்டது" என்று மகிழ்பவர்கள் பார்ப்பது இதைத்தான்.

இன்னும் பலமில்லை என்றால், குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் அந்தச் சந்தில் கசிகிறது. குழலின் பின்முகத்தில் உள்ள சின்ன வளையத்தைக் கூரான குச்சியால் எடுத்து, தடித்த தோலில் புதிதாக வெட்டிப் போடுங்கள். குழலின் முகத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்கவேண்டும். பழைய வளையம் நன்றாக இருந்து பள்ளமாகிவிட்டது என்றால் அடியில் ஒரு காகித வட்டம் போதும்.

மடிக்கும்போது கரகரவென்று இரண்டாகத் தடுக்கினால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. இதை வெறுங்கையால் கழற்றாதீர்கள். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆணி கழன்றதும் பின்முனைத் தொகுதி முகத்தை நோக்கிப் பாயும். நீளமான கிளாம்ப்பில் பிடித்து, ஆணியைத் தட்டியபின் மெதுவாகத் தளர்த்தவேண்டும். உருண்டை ட்ரிகர் கொண்ட மாடலானால் உள்ளிருந்து மூன்று சிறு எஃகு உருண்டைகள் விழும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது கிரீஸ் தடவினால் அவை இடத்தில் ஒட்டி நிற்கும். புது ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். அள்ளிப் பூசினால் அது முன்னால் போய் மறுபடி டீசல் கதைதான்.

துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம். நான்கு சைபர் (0000) என்ற மிக மென்மையான எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். கருநீலப் பூச்சு மிச்சமிருப்பது தங்கும். கட்டையில் உள்ள பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சில நொடிகள் அழுத்துங்கள். நீராவியில் நசுங்கிய நார் எழும்பும். இரண்டு மூன்று முறை தேவைப்படும். நார் அறுந்த வெட்டுக்காயம் எழும்பாது, அதை அப்படியே விடுங்கள். காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லிசாகத் தேய்த்து, நாளுக்கு ஒரு பூச்சாக நான்கைந்து நாள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ரெக்சின் உறை எதிரி, ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். துடைத்து, எண்ணெய்த் துணி ஓட்டி, காற்றோட்டமான அலமாரியில் பூட்டிவையுங்கள்.

கேள்வி: தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த .315 தோட்டா ரைஃபிளும் சில தோட்டாக்களும் அவர் காலமானபின் பரணில் கிடக்கின்றன. நினைவாக வைத்துக்கொண்டு, துருவை எடுத்து பாலீஷ் போட ஆசை. — வாசகர், தஞ்சாவூர்

பாலீஷ் இருக்கட்டும், அந்த உரிமம் தாத்தாவோடு முடிந்துவிட்டது. இப்போது அது உங்கள் வீட்டில் உரிமமில்லாத ஆயுதம். ஆயுதச் சட்டம் 21-ம் பிரிவின்படி தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கவேண்டும், தோட்டாக்களோடு சேர்த்து. முதலில் நிலையத்துக்குப் போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கட்டும்.

ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்படவேண்டாம். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் வழங்க வழி இருக்கிறது. மாவட்டத்தில் ஆட்சியரிடம், சென்னை என்றால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்கவேண்டும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தை இப்போதே வாங்கிவையுங்கள். சித்தப்பாவும் அத்தையும் வெவ்வேறு ஊரில் இருந்தால் இதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கி வரைதான் வைத்திருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் வந்தபின்னும் இது ஏர் ரைஃபிள் அல்ல. பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும், லேத் பட்டறையில் கொடுக்கக்கூடாது. பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடை. அதனால் ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவைத் தழுவி .315 இங்கே வேரூன்றியது. அந்தப் பழமைக்கு மதிப்பு உண்டு. போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) உடலிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருந்தால் மதிப்பு இன்னும் கூடும். பாலீஷ் என்ற பெயரில் அந்த எண்களையும் முத்திரைகளையும் தேய்த்துவிட்டால் மதிப்பு போவதோடு, அடையாளக் குறியை அழித்த குற்றமும் சேரும்.

பழைய தோட்டாக்களை "வேலை செய்கிறதா" என்று பார்க்க நினைக்காதீர்கள். ஒப்படைக்கும்போது ரசீதில் ரைஃபிளின் எண், தயாரிப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கை, இப்போது இருக்கும் துரு, கீறல் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று படித்துவிட்டு வாருங்கள்.