பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்துக் காக்க 20 ஆண்டுக் குத்தகைக்கு விடலாமா?

கேள்வி: தக்கலை அருகே எங்கள் பூர்வீக நாலுகட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. தேக்கு மச்சு, ஓட்டுக் கூரை, வயது நூறுக்கு மேல். நான், தம்பிகள் இருவர், காலமான அக்காவின் 16 வயது மகள் என நான்கு பங்கு. ஒரு தம்பி துபாயில் இருக்கிறான். 15 லட்சம் ரூபாய் செலவழித்துத் தானே பழுதுபார்த்து, 20 ஆண்டு விருந்தினர் விடுதியாக நடத்திவிட்டுத் திருப்பித் தருவதாக ஒருவர் கேட்கிறார். வாடகை தரமாட்டாராம். 11 மாத ஒப்பந்தம் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: ஏற்பாடு நல்லதுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஆளில்லாத ஓட்டு வீடு வெகுநாள் நிற்காது. ஆனால் 11 மாதத் தாளில் கையெழுத்திடாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சொத்து மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவின்படி பதிவு செய்தே ஆகவேண்டும். பதியாத தாளில் 20 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அந்தக் காலத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது; மாதக் குத்தகையாகவே பார்ப்பார்கள். 15 லட்சம் போட்டவருக்கும் அது பாதுகாப்பில்லை.

முதலில் பங்குதாரர்கள். உங்கள் கையெழுத்து உங்கள் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். துபாய் தம்பி அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அக்கா மகளின் பங்குதான் பெரிய முடிச்சு. நீங்கள் இந்துக் குடும்பமானால், மைனரின் சொத்தை ஐந்து ஆண்டுக்கு மேலோ, அவர் மேஜராகி ஓராண்டைத் தாண்டியோ அவள் அப்பா குத்தகைக்கு விட நீதிமன்ற அனுமதி வேண்டும். அவளுக்கு 16 என்பதால் அனுமதியின்றி அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். மீறினால் மேஜரானபின் அவள் குத்தகையை ரத்து செய்யக் கேட்கலாம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். அவள் பங்குக்கு என்ன நன்மை என்று மனுவில் காட்ட வேண்டும்.

மனை யாருடையது என்பதையும் பாருங்கள். கோயில் நிலமானால், அறநிலையத்துறை ஆணையரின் ஒப்புதலின்றி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது.

இனிப் பத்திரம். இங்கே பழுதுபார்ப்புதான் வாடகை. 15 லட்சத்தை 240 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250 ரூபாய். நீங்கள் வாங்காமல் விடும் தொகை அது. வாடகையை எழுதுவதுபோலவே வேலையையும் அளவும் தேதியும் போட்டு எழுதுங்கள். ‘வீட்டை நன்றாகப் பராமரிப்பார்’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை. இவ்வகைக் குத்தகையில் வழக்கமாக நடப்பது இதுதான்: விருந்தினர் கண்ணில் படும் பெயின்ட், விளக்கு, குளியலறை முதலில் முடியும், கூரை அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிப்போகும். ஆகவே வரிசையைப் பத்திரத்திலேயே கட்டுங்கள். முதல் கோடையில், ஜூன் மழைக்கு முன், உளுத்த கைமரம், ரீப்பர், உடைந்த ஓடு மாற்றம். அடுத்தது முற்றத்து நீர் வடிகாலும் கரையான் தடுப்பும். மரவேலை, தரை, வண்ணம் எல்லாம் பிறகுதான். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக்கூடாது என்று தனி நிபந்தனை போடுங்கள். சிமென்ட் சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சுவருக்குள் இருக்கும் உத்திர முனைகள் அழுகும்.

குத்தகை முடியும்போது, தான் பொருத்தியவற்றைக் கழற்றிப் போகும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் குத்தகைதாரருக்குத் தருகிறது. உள்வாடகைக்கு விடும் உரிமையும் உண்டு. இரண்டையும் பத்திரத்தில் வெளிப்படையாக விலக்காவிட்டால் அவை நிற்கும். கழற்றிய பழைய கதவு, தூண், பூட்டு எல்லாம் உங்களுக்கே சொந்தம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படத்துடன் பட்டியலாக்கி இணையுங்கள். பழைய தேக்குக் கதவுக்கு வெளியே நல்ல விலை உண்டு. ஒப்படைக்கும் அன்றைய நிலைக்கும் அந்தப் படங்களே சான்று.

பெயருக்காவது மாதம் 500 ரூபாய் வாடகை வைத்து வங்கி வழியாக வாங்குங்கள். குத்தகைதாரர் என்ற நிலைக்கு அது ஆண்டுக்கணக்கில் சாட்சியாக இருக்கும். பின்னாளில் ‘அனுபவ பாத்தியதை’, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வீடு தனக்கே சொந்தம், என்று கிளம்ப முடியாது. நிபந்தனையை மீறினால் வீட்டைத் திரும்ப எடுப்போம் என்ற வாசகம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அதே சட்டத்தின் 111ஆம் பிரிவில் குத்தகையைப் பறிக்க இயலாது. அப்போதும், சரிசெய்ய அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். உங்கள் பக்கத் தவறால் இடையில் முடிந்தால் மீதி ஆண்டுகளின் விகிதத்தில் அவருக்குத் திருப்பித் தருவது நியாயம்: 12ஆம் ஆண்டின் இறுதியில் என்றால் 6 லட்சம்.

பத்மநாபபுரம் நகராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால், சார்பதிவாளரிடம் பதிவதோடு, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் தனியே பதிய வேண்டும்.

இவ்வளவும் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள், ‘கூரையை மட்டும் இப்போதே பார்க்கிறேன்’ என்றாலும்கூட. வாய்மொழி அனுமதியை நம்பி ஒருவர் தன் செலவில் நிரந்தர வேலை செய்துவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது வசதியுரிமைச் சட்டம் 60ஆம் பிரிவு.