சத்யஜித் ரே எடுத்த வங்காளப் படம் பதேர் பாஞ்சாலியில அபுங்கிற சின்னப் பையனா நடிச்சவன் அப்புறம் என்ன ஆனான்? அதைப் பத்தி படம் இருக்கா?

இருக்குங்க. அபுர் பாஞ்சாலின்னு ஒரு வங்காளப் படம், கௌஷிக் கங்குலி எடுத்தது. 2013 கோவா திரைப்பட விழாவுல இதுக்குத்தான் அவருக்கு சிறந்த இயக்குநர் விருது கொடுத்தாங்க, அடுத்த வருஷம் தியேட்டருக்கு வந்துச்சு. பேரைப் பாத்துட்டு திரௌபதி கதைன்னு நினைச்சுடாதீங்க, நானே மொதல்ல பாஞ்சாலி சபதம் மாதிரி ஏதோன்னு தான் நினைச்சேன். அந்த ஊர்ல பாஞ்சாலின்னா கதையைப் பாட்டா பாடுறது, நம்ம ஊர் கதைப்பாட்டு மாதிரி.

அந்தப் பையன் பேரு சுபீர் பானர்ஜி. பதேர் பாஞ்சாலி 1955ல வந்துச்சு, உலகம் பூரா சுத்துச்சு, 1956ல கான் விழாவுல விருது வாங்குச்சு, ரே புகழ்ல எங்கேயோ போயிட்டார். சுபீர் அதுக்கப்புறம் நடிக்கவே இல்ல. படிச்சார், வேலைக்குப் போனார், கல்யாணம் பண்ணிக்கிட்டார், வீட்ல நல்லது கெட்டது பாத்தார். நீங்க கேட்ட "என்ன ஆனான்"க்கு பதில் இவ்ளோதான். இதுல ஒரு படம் எடுக்க என்ன இருக்குன்னு தோணும்ல, எனக்கும் தோணுச்சு.

அதுக்கு பழைய கதை கொஞ்சம் சொல்லணும். அபு கேரக்டருக்கு ரே பேப்பர்ல விளம்பரமே கொடுத்துத் தேடியிருக்கார், பசங்க வந்துகிட்டே இருந்திருக்காங்க, யாரும் செட் ஆகல. ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்களாம், கழுத்துல பவுடர் இருந்ததைப் பாத்து இவருக்கு சந்தேகம், இப்பதான் சலூன்ல இருந்து வர்றியான்னு கேட்டா, அது பையனே இல்ல, பொண்ணு, சான்ஸுக்காக முடியை ஒட்ட வெட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இவ்ளோ கூத்தும் நடந்து கடைசியில பக்கத்து வீட்டு மொட்டை மாடியில விளையாடிட்டு இருந்த பையனை ரேயோட மனைவி பிஜோயா தான் பாத்துட்டு இவன் எப்படின்னு கேட்டிருக்காங்க. அதுதான் சுபீர். அவர் வாய்ப்பு தேடிப் போகல பாருங்க, பக்கத்து வீட்டுல குடியிருந்தார், அவ்ளோதான்.

சரி கிடைச்சாச்சு, பையனுக்கு நடிப்பு வரணுமே. 1952 அக்டோபர்ல மொத ஷூட்டிங், அக்கா துர்காவைத் தேடிக்கிட்டு காஷ் பூ காட்டுக்குள்ள அபு வரணும். காஷ் பூன்னா நம்ம நாணல் பூ மாதிரி வெள்ளை வெளேர்னு ஆளுயரத்துக்கு நிக்கும், அங்க அது பூத்துட்டாலே துர்கா பூஜா வந்துடுச்சுன்னு அர்த்தம். நடந்து வாடான்னா பையன் மெஷின் மாதிரி நேரா வர்றான். தேடுறவன் அப்படியா வருவான், தயங்குவான், நிப்பான், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாப்பான். ரே என்ன பண்ணார்னா வழியில அங்கங்க குச்சியைப் போட்டு இதைத் தாண்டித் தாண்டி வான்னு சொல்லிட்டு, புல்லுக்குள்ள ரெண்டு பக்கமும் ஆளை ஒளிய வச்சு நேரம் பாத்து பேர் சொல்லிக் கூப்பிட வச்சார். யாரோ கூப்பிடுறாங்கன்னு அவன் திரும்பிப் பாத்தான், ஷாட் ஓகே. நாம அக்காவைக் காணோம்னு தவிக்கிற தம்பியைப் பாத்து உருகினோமே, அங்க நிஜத்துல ஒரு பையன் குச்சியைத் தாண்டிக்கிட்டு, யார்றா கூப்பிட்டதுன்னு பாத்துட்டு இருந்தான். (மிச்சத்தை எடுக்க ஒரு வாரம் கழிச்சுப் போனா பூ பூராவும் மாடு மேஞ்சு காலி, மறு வருஷம் பூக்குற வரைக்கும் வெயிட் பண்ணாங்க. கையில காசு இல்லாம படம் நின்னு நின்னு ரெண்டரை வருஷம் இழுத்துச்சு, அதுக்குள்ள அபுவுக்குக் குரல் உடையல, துர்கா வளந்துடல, பாட்டியா நடிச்ச சுனிபாலா தேவி சாகல, இந்த மூணும் அதிசயம்னு ரேயே பின்னாடி சொன்னார்.)

இப்ப கௌஷிக் கங்குலி படத்துக்கு வர்றேன். வயசான சுபீரைத் தேடிக்கிட்டு அர்க்கான்னு ஒரு சினிமா ஸ்டூடன்ட் வர்றான், ஜெர்மனியில இருந்து அவரைக் கௌரவிக்கக் கூப்பிட்டு ஒரு அழைப்பு வந்திருக்கு. மனுஷன் பிடி கொடுக்க மாட்டேங்கிறார். வயசானவரா அர்தேந்து பானர்ஜி, இளமைக்காலத்துல பரம்பிரதா சட்டர்ஜி. நிகழ்காலம் கலர்ல, பழசு கறுப்பு வெள்ளையில, நடுநடுவுல ரே படத்துக் காட்சிகளையே கோத்திருக்காங்க. சுபீர் வீட்ல ஒரு சாவு விழுந்தா அபு வாழ்க்கையில விழுந்த சாவு பக்கத்துலயே வரும், மனைவியா வர்ற பார்னோ மித்ராவைப் பாத்தா ரேயோட அபூர் சன்சார்ல பெரியவனான அபுவுக்கு மனைவியா வந்த ஷர்மிளா தாகூர் ஞாபகம் வரும்.

எனக்கு இங்கதான் கொஞ்சம் நெருடுது. மொத ரெண்டு தடவை இந்த ஒத்துமை சும்மா புல்லரிக்குது, அதுக்கப்புறம் ஓவர். அவர் கஷ்டம் அவர் கஷ்டமா இருந்துட்டுப் போகட்டுமே, அதையும் ஏன் அபுவோட அளந்து பாக்கணும். ஊர்க்காரங்க அவரை அபுவாவே பாத்தாங்க, அதைத்தானே படமும் பண்ணுது. ஆனா ரே மேல பழியைப் போட்டு ஈஸியா கை தட்டல் வாங்கியிருக்கலாம், அதைச் செய்யல, அது பெரிய விஷயம். யாரும் அவரை ஏமாத்தல. என்ன, ஆறேழு வயசுல பிடிச்ச ஒரு முகம், அறுபது எழுபது வயசுலயும் எல்லாரும் அதைத்தான் அவர் மூஞ்சியில தேடுறாங்க. துர்காவா நடிச்ச உமா தாஸ்குப்தா 2024 நவம்பர்ல இறந்தாங்க, டீச்சரா வேலை பாத்தவங்க, நான் பாத்த செய்தியில எல்லாம் துர்கா போயிட்டாங்கன்னு தான் இருந்துச்சு.

பாக்குறதா இருந்தா மொதல்ல பதேர் பாஞ்சாலி பாத்துட்டு இதுக்கு வாங்க, இல்லன்னா பாதி புரியாது. ரே படம் எடுத்த கதைதான் வேணும்னா 2022ல அனிக் தத்தா எடுத்த அபராஜிதோ இருக்கு, ஜீத்து கமல் அச்சு அசல் ரே மாதிரியே இருப்பார், ஆனா அதுல எல்லாப் பேரும் மாத்தி வச்சிருப்பாங்க.

நான் ரெண்டு வருஷம் கொல்கத்தாவுல கரியா பக்கம் குடியிருந்தேன், பதேர் பாஞ்சாலி எடுத்த போரால் கிராமம் அங்கருந்து கொஞ்ச தூரம்தான், இப்ப ஊரோட ஊரா சேந்துடுச்சு. ஹவுஸ் ஓனர் அம்மாவை மாஷிமான்னு தான் கூப்பிடுவேன், நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி. ஒரு பூஜா லீவுல அவங்களோட லேப்டாப்ல பதேர் பாஞ்சாலி பாக்கும்போது வாயை வச்சுட்டு சும்மா இல்லாம இந்தக் குச்சிக் கதையைச் சொல்லிட்டேன். அந்த சீனை ரிவைண்ட் பண்ணச் சொன்னாங்க. பையன் இடது பக்கம் திரும்புறான், "ஒருத்தன் கூப்பிட்டுட்டான்"ங்கிறாங்க. வலது பக்கம் திரும்புறான், "அந்தா இன்னொருத்தன்". மூணாவது தடவை ஓட்டினதுக்கப்புறம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னைத் திட்டினாங்க, அம்பது வருஷமா இந்த இடத்துல நான் அழுதுட்டு இருந்தேன்டா, கெடுத்துட்டியேன்னு.